12-வது புள்ளியில் இரக்கம் வேண்டாம்!

பிரிட்டனில் கார் ஓட்டுகிறவர்களைப் பயமுறுத்தும் எண் ஒன்று உண்டு. அது 12!

ரோட்டில் செய்யும் தப்புகளுக்கு அந்த நாட்டில் புள்ளி போடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் மார்க்கு ஏறினால் சந்தோஷம். இந்தப் புள்ளி ஏறினால் சங்கடம்.

3 ஆண்டுகளுக்குள் 12 புள்ளி சேர்ந்துவிட்டால் லைசென்சு பறிபோகும். குறைந்தது 6 மாதம் அவர் எந்தக் காரையும் தொட முடியாது. இதுதான் சட்டம்.

ஆனால், சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. 12 புள்ளி ஏறிய பிறகும் சிலர் கோர்ட்டில் கெஞ்சி, லைசென்சைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். மாஜிஸ்திரேட்டு மனம் இரங்கி விட்டுவிடுகிறார்.

அந்த இரக்கம் நல்லதா? அதனால் யாருக்கு நன்மை? யாருக்குக் கேடு? ரோட்டில் நடக்கும் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டிய கேள்வி இது.

எந்தத் தப்புக்கு எத்தனை?

முதலில் கணக்கைப் பார்க்கலாம். கணக்கு மிகவும் சுலபம்.

வரம்பு மீறி வேகமாக ஓட்டினால் 3 புள்ளி முதல் 6 புள்ளி வரை.

சிவப்பு விளக்கு எரியும்போது நிற்காமல் போனால் 3 புள்ளி.

கவனம் இல்லாமல் ஓட்டினால் 3 முதல் 9 வரை.

இன்சூரன்சு இல்லாமல் ஓட்டினால் 6 முதல் 8 வரை.

யார் மீதாவது மோதிவிட்டு, நிற்காமல் ஓடிவிட்டால் 5 முதல் 10 வரை.

காரை ஓட்டிக்கொண்டே கையில் போனை எடுத்தால் 6 புள்ளி!

குடித்துவிட்டு ஓட்டினால்? அங்கே புள்ளிக் கணக்குக்காகக் காத்திருப்பதில்லை. குற்றம் ருசுவானால் நேராக லைசென்சு போகும். முதல் தடவை என்றால் குறைந்தது 12 மாதம். 10 ஆண்டுகளுக்குள் மறுபடியும் அகப்பட்டால் குறைந்தது 3 ஆண்டு.

இந்தக் கணக்கை எல்லாம் எழுதி வைப்பது, வேல்ஸ் பகுதியில் சுவான்சி என்ற ஊரில் உள்ள லைசென்சு ஆபீசு. முன்பு லைசென்சோடு ஒரு காகிதமும் கொடுப்பார்கள். புள்ளி அதில் பதிவாகும். 2015-ம் ஆண்டு ஜூன் மாதத்தோடு அந்தக் காகிதம் ஒழிந்தது. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

பெரும்பாலான தப்புகளுக்கு, புள்ளி 4 ஆண்டு வரை பதிவில் நிற்கும். குடித்துவிட்டு ஓட்டியது போன்ற பெரிய குற்றங்கள் 11 ஆண்டு வரை அழியா. புள்ளி இருந்தால் இன்சூரன்சு கம்பெனிக்காரர்கள் கட்டணத்தையும் உயர்த்திவிடுவார்கள். ஆக, புள்ளி வாங்கியவரின் பையும் இளைக்கும்.

அபராதம் போதாதா?

"தப்பு செய்தவனிடம் அபராதம் வாங்கினால் போதாதா? புள்ளி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம்.

வேகமாக ஓட்டியதற்கு அங்கே சாதாரணமாகப் போடும் அபராதம் 100 பவுண்டு. கூலி வேலை செய்கிறவருக்கு அது பெரிய தொகை. கோடீசுவரருக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. அவர் தினம் ஒரு தடவை தப்பு செய்து, தினமும் பணத்தை வீசிவிட்டுப் போகலாம்.

புள்ளி அப்படி அல்ல. அதைப் பணம் கொடுத்து அழிக்க முடியாது. கூலிக்காரருக்கும் 3 புள்ளி. கோடீசுவரருக்கும் 3 புள்ளி. நாலு தடவை அகப்பட்டால் இருவருமே வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்துவிடவில்லை. பிரிட்டனில் 1903-ல் செய்த சட்டப்படி, 1904 முதல் கார் ஓட்ட லைசென்சு தேவைப்பட்டது. 5 ஷில்லிங் கட்டினால் போதும். பரீட்சை கிடையாது! எல்லோரும் ஓட்டிக் காட்டித்தான் லைசென்சு வாங்க வேண்டும் என்ற விதி 1935-ல்தான் வந்தது.

1962-ல் வந்த சட்டம், 3 ஆண்டுக்குள் 3 தடவை தப்பு பதிவானால் 6 மாதம் ஓட்டக்கூடாது என்றது. இதில் ஒரு குறை இருந்தது. சின்னத் தப்பும் ஒன்று, பெரிய தப்பும் ஒன்று என்று எண்ணினார்கள். அந்தக் குறையைப் போக்க, தப்பின் அளவுக்குத் தக்கபடி புள்ளி போடும் முறை 1982-ல் வந்தது.

ஒரே ஒரு போன் போதும்!

புதிதாக லைசென்சு வாங்கியவர்களுக்குச் சட்டம் இன்னும் கடுமை. அவர்களுக்கு எல்லை 12 அல்ல, 6 தான்.

பரீட்சையில் தேறிய 2 ஆண்டுக்குள் 6 புள்ளி ஏறினால் லைசென்சு ரத்து. மறுபடியும் பழகுநர் லைசென்சு வாங்க வேண்டும். எழுத்துப் பரீட்சையும், ஓட்டிக் காட்டும் பரீட்சையும் முதலில் இருந்து எழுதித் தேற வேண்டும். இந்த விதி 1997 ஜூன் மாதம் முதல் நடப்பில் இருக்கிறது.

போன் விஷயத்தில் சட்டம் எப்படிப் படிப்படியாக இறுகியது என்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

2003 டிசம்பரில், ஓட்டும்போது கையில் போனை வைத்துப் பேசக்கூடாது என்று சட்டம் வந்தது. தண்டனை வெறும் அபராதம்தான். ஜனங்கள் திருந்தவில்லை. 2007-ல் 3 புள்ளி போட்டார்கள். அப்போதும் திருந்தவில்லை. 2017 மார்ச்சு முதல் 6 புள்ளி, 200 பவுண்டு அபராதம் என்று ஆக்கினார்கள். 2022-ல், படம் பிடிப்பது, விளையாடுவது எல்லாமே குற்றம் என்று திருத்தினார்கள்.

புதிய லைசென்சுக்காரர் ஒரே ஒரு தடவை போனைத் தொட்டு அகப்பட்டால் 6 புள்ளி. அவருக்கு எல்லையும் 6. அவ்வளவுதான், லைசென்சு போச்சு!

இந்தியாவில் இருந்து படிக்கவும் வேலைக்கும் அங்கே போகிறவர்கள், குடியேறிய நாளில் இருந்து 12 மாதம் வரை இந்திய லைசென்சிலேயே கார் ஓட்டலாம். அவர்களும் இந்தக் கணக்குக்குத் தப்ப முடியாது. வெளிநாட்டு லைசென்சு என்றாலும், அவர் பெயரில் சுவான்சியில் ஒரு கணக்கு திறந்து புள்ளி ஏற்றிவிடுவார்கள். பிள்ளையை வழியனுப்பும் பெற்றோர், சொல்லும் புத்திமதிகளோடு இதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

பந்தாட்ட வீரரும் தப்பவில்லை

டேவிட் பெக்காம் பெயரைக் கேள்விப்படாத பந்தாட்ட ரசிகர் இல்லை. இங்கிலாந்து கோஷ்டிக்குத் தலைவராக இருந்தவர். பெரும் பணக்காரர்.

2018 நவம்பரில் லண்டன் நகரில் அவர் காரை ஓட்டிக்கொண்டு போனார். நெரிசலில் கார்கள் மெதுவாக ஊர்ந்தன. அப்போது அவர் கையில் போன் இருந்ததை ஒருவர் பார்த்துவிட்டார்.

வழக்கு கோர்ட்டுக்கு வந்தது. வேகமாக ஓட்டியதற்காக பெக்காம் கணக்கில் ஏற்கனவே 6 புள்ளி இருந்தது. போனுக்கு 6 சேர்ந்தது. மொத்தம் 12!

2019 மே மாதம் தீர்ப்பு வந்தது. 6 மாதம் ஓட்டக்கூடாது. 750 பவுண்டு அபராதம்.

750 பவுண்டு அவருக்குத் தூசு. ஆனால், அந்த 6 மாதம் தம் காரில் தாமே உட்கார்ந்து ஓட்ட அவரால் முடியவில்லை. உலகப் புகழும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. சட்டம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

மனைவி தலையில் கட்டிய மந்திரி

புள்ளிக்குப் பயந்து ஒருவர் செய்த காரியம், ஒரு குடும்பத்தையே சந்தி சிரிக்க வைத்தது.

கிறிஸ் ஹியூன் என்பவர் அப்போது ஐரோப்பிய பாராளுமன்ற அங்கத்தினர். 2003 மார்ச்சு மாதம் ஒரு நாள் இரவு, விமான நிலையத்தில் இருந்து லண்டனுக்குக் காரில் வந்தார். மணிக்கு 50 மைல் போக வேண்டிய ரோட்டில் 69 மைல் வேகத்தில் பறந்தார். ரோட்டோர காமிரா படம் பிடித்துவிட்டது.

அவர் கணக்கில் ஏற்கனவே 9 புள்ளி. இன்னும் 3 ஏறினால் 12. லைசென்சு போய்விடும்.

என்ன செய்தார் தெரியுமா? காரை ஓட்டியது தம் மனைவி என்று போலீசுக்கு எழுதிவிட்டார்கள். புள்ளி மனைவி கணக்கில் ஏறியது. அவர் தப்பினார்.

தப்பினாரா? இல்லை! அதே ஆண்டில், காரில் போன் பேசி அகப்பட்டு லைசென்சை இழந்தார். பொய் சொல்லிக் காப்பாற்றிய லைசென்சு ஓர் ஆண்டுகூட நிலைக்கவில்லை.

காலம் ஓடியது. 2010-ல் அவர் மந்திரி ஆனார். அதே ஆண்டில் கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். மறு ஆண்டு அந்தப் பழைய ரகசியம் பத்திரிகையில் வந்தது. 2012-ல் வழக்குப் போட்டார்கள். மந்திரி பதவி போயிற்று. 2013 பிப்ரவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பாராளுமன்றப் பதவியும் போயிற்று.

மனைவி விக்கி பிரைசு பேர் பெற்ற பொருளாதார நிபுணர். "கணவர் வற்புறுத்தியதால் ஒப்புக்கொண்டேன்" என்று வாதாடினார். ஜூரிகள் ஏற்கவில்லை. 2013 மார்ச்சு மாதம் இருவருக்கும் தலைக்கு 8 மாதம் ஜெயில்!

3 புள்ளியை ஏற்றுக்கொண்டிருந்தால் சில மாதம் பஸ்சில் போயிருப்பார். அவ்வளவுதான். ஒரு பொய்யால் பதவி, மானம், குடும்பம் எல்லாம் போயின.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரிய மனிதர்கள்கூட அபராதத்துக்குப் பயப்படவில்லை. புள்ளிக்குத்தான் பயந்தார்கள். அந்தப் பயம்தான் இந்தச் சட்டத்தின் உயிர்.

சட்டத்தில் ஒரு சந்து

அந்த உயிரை வாங்குவதுதான் முன்பு சொன்ன சந்து.

12 புள்ளி ஏறியவர் கோர்ட்டில் நின்று, "லைசென்சு போனால் அசாதாரணமான கஷ்டம் வரும்" என்று சொல்லலாம். கோர்ட்டு அதை ஒப்புக்கொண்டால், தடைக் காலத்தைக் குறைக்கலாம். தடையே இல்லாமலும் விட்டுவிடலாம்.

"என் வேலை போய்விடும்" என்பார் ஒருவர். "வயதான தாயாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேறு ஆள் இல்லை" என்பார் இன்னொருவர். "என்னை நம்பி வேலை செய்கிறவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள்" என்பார் மற்றொருவர்.

இங்கிலாந்தில் இந்த வழக்குகளைக் கேட்கும் மாஜிஸ்திரேட்டுகளில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காமல் தொண்டு செய்கிறவர்கள். ஊரில் உள்ள சாதாரண மனிதர்கள். எதிரில் ஒருவர் கண் கலங்கி நின்றால் அவர்கள் மனமும் கலங்கத்தான் செய்யும். 

கண் எதிரே நிற்கிறவரின் கஷ்டம் தெரிகிறது. நாளை அவர் காரில் அடிபடப் போகிறவர் யார் என்பது தெரிவதில்லை. அவர் கோர்ட்டுக்கு வந்து கெஞ்ச முடியாது. அவருக்காக வாதாட வக்கீலும் கிடையாது.

ஆறே வாரத்தில் ஓர் உயிர்

2015 ஆகஸ்டு மாதம். இங்கிலாந்தின் ஹாம்ப்சயர் பகுதியில் ஒருவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். பின்னால் வந்த வேன் அவர் மீது மோதியது. அவர் இறந்துபோனார்.

வேனை ஓட்டியவர் ரோட்டைப் பார்க்கவில்லை. போனில் செய்தி தட்டிக்கொண்டிருந்தார்.

விசாரித்தபோது வெளிவந்த உண்மை எல்லோரையும் திடுக்கிட வைத்தது. ஓட்டும்போது போனைத் தொட்டதாக அவர் அதற்கு முன் 8 தடவை அகப்பட்டவர்! விபத்து நடப்பதற்கு ஆறே வாரத்துக்கு முன்புதான் கோர்ட்டில் நின்றார். கஷ்டத்தைச் சொல்லி முறையிட்டார். கோர்ட்டு லைசென்சைப் பறிக்காமல் விட்டுவிட்டது.

2016-ல் அவருக்கு 9 ஆண்டு ஜெயில் தண்டனை கிடைத்தது.

அன்று அந்தக் கோர்ட்டு 6 மாதம் தடை போட்டிருந்தால்? அந்த வேன் அன்று அந்த ரோட்டுக்கு அவர் கையில் வந்திருக்காது. சைக்கிளில் போனவர் வீடு திரும்பியிருப்பார். வேன் ஓட்டியவரும் 9 ஆண்டு தண்டனைக்கு ஆளாகியிருக்க மாட்டார்.

அவர் மீது காட்டிய இரக்கம் அவரையும் காப்பாற்றவில்லை. இன்னொருவரையும் கொன்றது.

ஏழை என்ன செய்வான்?

"எல்லாம் சரி. லைசென்சுதான் ஒருவனுக்குச் சோறு போடுகிறது. அதைப் பிடுங்கினால் அவன் பெண்டாட்டி பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பணக்காரன் டிரைவர் வைத்துக்கொள்வான். ஏழை என்ன செய்வான்?"

நியாயமான கேள்வி. தடை என்பது ஏழைக்குத்தான் அதிகம் வலிக்கும். இதை மறுக்க முடியாது.

ஆனால், 12 புள்ளி ஒரே இரவில் ஏறுவது அரிது. வேகம் கொஞ்சம் மிஞ்சி முதல் தடவை அகப்பட்டால், பெரும்பாலும் புள்ளியே போடாமல் பயிற்சி வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். அது முதல் இரக்கம். பிறகு 3 புள்ளி. அப்போதும் லைசென்சைப் பறிப்பதில்லை. அது இரண்டாவது இரக்கம். 6 புள்ளி, மூன்றாவது இரக்கம். 9 புள்ளி, நாலாவது இரக்கம். 3 ஆண்டு ஒழுங்காக ஓட்டினால் பழைய புள்ளிகள் கணக்கில் சேரா. அது ஐந்தாவது இரக்கம்.

இத்தனை இரக்கத்தையும் காட்டிய பிறகுதான் 12 வருகிறது. அதற்கு மேலும் இரக்கம் காட்டினால் அதற்குப் பெயர் இரக்கம் அல்ல, ஏமாளித்தனம்!

லைசென்சை நம்பிப் பிழைக்கிறவர், மற்றவர்களைவிட அதிக நேரம் ரோட்டில் இருக்கிறார். அவர்தான் மற்றவர்களைவிட அதிகக் கவனமாக இருக்க வேண்டும். அரிசி கொடுக்கும் உலையை யாராவது காலால் உதைப்பார்களா?

அடிபட்டுச் சாகிறவர்களிலும் ஏழைகள் உண்டு. நடந்து போகிறவர், சைக்கிளில் போகிறவர், பஸ்சுக்காக ஓரத்தில் நிற்கிறவர் எல்லாம் யார்? அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இந்தச் சந்தை அடைக்கக் கொஞ்சம் முயற்சி நடந்திருக்கிறது. 2020-ல் இங்கிலாந்து, வேல்ஸ் கோர்ட்டுகளுக்குப் புதிய வழிகாட்டிக் குறிப்பு கொடுத்தார்கள். தடை என்றால் குடும்பத்துக்குக் கஷ்டம் வரத்தான் செய்யும், அந்தக் கஷ்டம்தான் தப்பு செய்யாமல் தடுக்கிறது என்று அது கூறுகிறது. வாயால் சொன்னால் போதாது, சாட்சியம் வேண்டும் என்கிறது. ஒரு தடவை சொல்லித் தப்பித்த காரணத்தை அடுத்த 3 ஆண்டுக்குள் மறுபடியும் சொல்ல முடியாது என்ற விதியும் இருக்கிறது.

இது நல்ல காரியம். ஆனால் போதாது. கதவைச் சாத்திவிட்டு, தாழ்ப்பாள் போடாமல் விட்டது போல் இருக்கிறது.

ஜெர்மனி காட்டும் வழி

பக்கத்தில் உள்ள ஜெர்மனியைப் பார்த்தால் நல்ல வழி ஒன்று தெரிகிறது. அங்கேயும் புள்ளிக் கணக்கு உண்டு. பிளென்சுபர்க் என்ற ஊரில் கணக்கு வைத்திருக்கிறார்கள். 2014 முதல் அங்கே எல்லை 8 புள்ளி.

4 புள்ளி ஏறினால், "ஜாக்கிரதை" என்று கடிதம் வரும். 6 புள்ளி ஏறினால் கடுமையான எச்சரிக்கைக் கடிதம் வரும். 5 புள்ளிக்குள் இருக்கும்போதே தாமாகப் பயிற்சி வகுப்புக்குப் போனால் ஒரு புள்ளியைக் குறைக்கிறார்கள். 5 ஆண்டுக்கு ஒரு தடவை இந்தச் சலுகை.

8 ஏறிவிட்டால்? லைசென்சு போகும். வேலை போகும், வீடு தவிக்கும் என்ற பேச்சே அங்கே எடுபடாது. புது லைசென்சு கேட்கக் குறைந்தது 6 மாதம் காத்திருக்க வேண்டும்.

இரக்கத்தை முதலிலேயே காட்டுகிறார்கள். திருந்துவதற்கு வழி சொல்கிறார்கள். முடிவில் மட்டும் கண்டிப்பு.

பிரிட்டனும் அப்படிச் செய்யலாம். 9 புள்ளி ஏறியவுடன் ஆளைக் கூப்பிட்டு எச்சரிக்கலாம். பயிற்சிக்கு அனுப்பலாம். வேலை கொடுத்த முதலாளிக்குத் தெரிவித்து, 6 மாதம் வேறு வேலை கொடுக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்கலாம். வயதான தாயாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஊராட்சி உதவலாம். கஷ்டத்துக்குப் பரிகாரம் இவைதான். பிடிவாதமாகத் தப்பு செய்கிறவரிடம் காரைத் திரும்பக் கொடுப்பது பரிகாரம் ஆகாது.

கார் ஓட்ட ஒருவருக்குக் கொடுக்கும் லைசென்சு, அவர் பரம்பரைச் சொத்து அல்ல. "இவரை நம்பலாம்" என்று ஊர் கொடுக்கும் வாக்கு அது. 12 தடவை சொல்லாமலே அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுகிறவர்கள் லட்சக்கணக்கானோர் இருக்கிறார்கள். காப்பாற்றாதவர் 6 மாதம் நடக்கட்டும். பஸ்சுக்குக் காத்திருக்கட்டும். ரோட்டோரத்தில் நின்று, பாய்ந்து வரும் கார்களைப் பார்க்கட்டும்.

நடந்து போகிறவரின் பயம் என்ன என்பது அப்போதாவது அவருக்குத் தெரியும்.